பெருந்தரவுக் கோப்புகளை ஆய்வுத்தளத்திற் சேர்க்கும் முறை

ஆராய்ச்சி என்பது தரவை அடியாகக் கொண்டு எழுவது. தரவு பழுதுபடின் அதன்மேல் எழும் முடிபும் பழுதுபடும். இவ்வுண்மை எல்லாத் துறைக்கும் பொதுவாயினும், இக்காலத்து ஆய்வாளர்க்கு இது புதியதொரு வடிவில் எதிர்ப்படுகின்றது. முற்காலத்து ஆய்வாளன் தன் கருவியினின்று பெற்ற அளவீடுகளைக் குறிப்பேட்டில் எழுதி, அக்குறிப்பேட்டைக் கொண்டே கணித்தான். இன்றைய கருவிகள் தருவனவோ குறிப்பேட்டில் அடங்குவன அல்ல. அவை கணினியின் வன்றட்டிலே பல கோடி வரிகளாகக் கிடக்கின்றன. அவற்றைக் கணிக்கும் ஆற்றல் மேசைக் கணினிக்குப் பெரும்பாலும் இல்லை. ஆகவே, தரவு தன் இருப்பிடத்தை விட்டுத் தொலைவிலுள்ள பெருங்கணினியை அடைதல் வேண்டும். அவ்வாறு அடையுங்கால் வழியில் நேரும் இடர்கள் யாவை, அவற்றை நீக்கும் நெறிகள் யாவை, சென்றது முழுமையாகச் சென்றதென அறிவது எவ்வாறு என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

ஆய்வுத்தளம் என்பது யாது?

இணையவழி ஆய்வுத்தளங்கள் பல உள. அவற்றுள் உயிரியலாளர் பெரிதும் கையாளும் ‘கலக்சி’ என்பதை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இஃது அமெரிக்காவிலே பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தோன்றியது. இதனை அறிமுகஞ் செய்த கட்டுரை 2005 ஆம் ஆண்டில் வெளிவந்தது. இன்று அமெரிக்கா, ஐரோப்பா, அவுஸ்திரேலியா ஆகிய இடங்களில் இதன் பொதுச் சேவையகங்கள் இயங்குகின்றன. கணினிக் கட்டளைகளை எழுதப் பயிலாத ஆய்வாளனும், இணைய உலாவியைத் திறந்து, தன் தரவை அங்கே சேர்த்து, வேண்டிய கருவியைத் தெரிந்து கணிப்பை நடத்தலாம். செய்த ஒவ்வொரு செயலும் வரன்முறையாகப் பதிவு செய்யப்படுதலின், பிறரும் அவ்வழியே சென்று முடிபைச் சோதித்தல் கூடும்.

இத்தளத்திற்குக் கொண்டுசெல்லப்படும் தரவுகளுள் முதன்மையானவை டி.என்.ஏ. வரிசைகளாம். வரிசையறி கருவி தரும் கோப்பு ‘பாஸ்ற்கியூ’ எனப்படும். இதில் ஒவ்வொரு வாசிப்பும் நான்கு வரிகளைக் கொண்டது. முதல் வரி அதன் பெயர். இரண்டாவது வரி மூலங்களைக் குறிக்கும் எழுத்துகளின் வரிசை. மூன்றாவது வரி ஒரு பிரிகுறி. நான்காவது வரி, ஒவ்வோர் எழுத்தும் எத்துணை நம்பத்தக்கது என்பதைக் காட்டும் தரக்குறிகளின் வரிசை.

இதன் பருமனைச் சிறிது கணித்துப் பார்ப்போம். மனிதனது பரம்பரையலகுத் தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி மூலங்கள் உள. வழு நீங்கும்பொருட்டு அதனைச் சராசரி 30 முறை வாசிப்பது வழக்கம். எனவே எழுத்துகள் 9,000 கோடி ஆகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தரக்குறி உண்டாதலின் மொத்தம் 18,000 கோடிக் குறிகள். குறியொன்றுக்கு ஒரு பைற்று வீதம், பெயர்வரிகளைச் சேர்க்காமலே 180 கிகாபைற்றாயிற்று. சுருக்கிக் கட்டிய பின்னும் அது பல பத்துக் கிகாபைற்றுகளாகவே இருக்கும். மாணவர் ஆராயும் எளிய பற்றீரியம் ஒன்றை எடுத்துக்கொள்ளினும், 46 இலட்சம் மூலங்களை 100 முறை வாசித்தால் ஏறக்குறைய ஒரு கிகாபைற்று வந்துவிடும். பத்து மாதிரிகளை ஆராய்வோன் பத்துக் கிகாபைற்றைச் சுமந்து செல்ல வேண்டியவனாகின்றான்.

பாதையின் அகலம்

சுமையை அறிந்தோம், இனிப் பாதையை அறிதல் வேண்டும். ஈண்டுப் பலரை மயக்குவது அளவைப் பெயராகும். கோப்பின் பருமன் பைற்றுகளாற் கூறப்படும். இணைப்பின் வேகமோ பிற்றுகளாற் கூறப்படும். எட்டுப் பிற்றுகள் கூடியது ஒரு பைற்று. எனவே செக்கனுக்கு 10 மெகாபிற்று வேகமுடைய இணைப்பு, செக்கனுக்கு ஒன்றேகால் மெகாபைற்றை மாத்திரமே கொண்டுசெல்லும். 10 கிகாபைற்றுக் கோப்பு அவ்வழியே செல்வதற்கு 8,000 செக்கன், அஃதாவது 2 மணி 13 நிமிடத்திற்குச் சற்று அதிகமான நேரம் வேண்டும்.

இன்னுமொன்று. வீட்டிணைப்புகள் பலவற்றில் உள்வரும் வேகத்தினும் வெளிச்செல்லும் வேகம் மிகக் குறைவு. பார்ப்போரும் கேட்போரும் பலர், அனுப்புவோர் சிலர் என்ற கருத்தினால் அவை அவ்வாறு அமைக்கப்பட்டன. பதிவேற்றத்திற்குப் பயன்படுவது வெளிச்செல்லும் வேகமே. அது 2 மெகாபிற்றாயின், அதே கோப்புக்கு 11 மணி நேரத்திற்கு மேலாகும். அத்துணை நேரமும் மின்சாரம் நில்லாமலும், இணைப்பு அறாமலும், கணினி உறங்காமலும் இருத்தல் வேண்டும். ஆகவே, பெருங்கோப்பை அனுப்ப முனைவோன் முதலில் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தல் நன்று. கணக்குப் போடாது தொடங்குவோர், இடைநடுவே கோப்பு நின்றுவிட்டதென எண்ணி உலாவியை மூடித் தம் உழைப்பைத் தாமே கெடுத்துக்கொள்வர்.

வாயில்களும் தடைகளும்

பழைய உலாவிகளும் சேவையகங்களும் 2 கிகாபைற்றுக்கு மேற்பட்ட கோப்பை ஏற்கமாட்டாதனவாய் இருந்தன. இதற்குக் காரணம் கணிதத்தில் உள்ளது. கோப்பின் நீளத்தை 32 இருமவிலக்கங்களில் எழுதி, அவற்றுள் ஒன்றை நேர், மறை என்னும் குறிக்கு ஒதுக்கினால், எழுதக்கூடிய மிகப்பெரிய எண் 2,147,483,647 ஆகும். அதற்கு மேற்பட்ட நீளத்தை அந்நிரலால் எண்ண முடியாது. இதனையொத்த தடையே, ‘பாற் 32’ என்னும் பழைய ஒழுங்கில் அமைந்த பேனாத் தட்டுகள் 4 கிகாபைற்றை எட்டும் கோப்பை ஏற்க மறுப்பதற்கும் காரணம். தட்டிலே இடமிருப்பினும், ஒரு கோப்பின் நீளத்தை எழுதும் கட்டத்தில் இடமில்லை.

இத்தடையைக் கடக்கக் கலக்சித் தளத்தார் நெடுங்காலம் ‘எவ்.ரி.பி.’ என்னும் கோப்பு மாற்று நெறிமுறையைப் பரிந்துரைத்தனர். இந்நெறிமுறை இணையத்தினும் மூத்தது. மசாசூசெற்சுத் தொழினுட்ப நிறுவனத்திலிருந்த அபய் பூசண் என்னும் இந்தியர் 1971 ஆம் ஆண்டு ஏப்பிரலில் இதன் முதல் வரைவை வெளியிட்டார். அரை நூற்றாண்டு உழைத்த இந்நெறிக்குக் குறைகளும் உள. கடவுச்சொல்லை இது மறைப்பின்றி அனுப்பும். எழுத்துமுறை, இருமமுறை என அனுப்பும் முறைகள் இரண்டு இருத்தலின், சுருக்கிய கோப்பை எழுத்துமுறையில் அனுப்பிவிட்டால், வரிமுடிவுக் குறிகளென்று தவறாகக் கருதப்பட்டவை மாற்றப்பட்டுக் கோப்பு பாழாகும். குரோம், பயர்பொக்ஸ் ஆகிய உலாவிகள் 2021 ஆம் ஆண்டில் இந்நெறிக்கு அளித்த ஆதரவை நீக்கின.

இன்று அதனிடத்தைப் பெற்றுவருவது தொடரத்தக்க பதிவேற்றமாகும். கலக்சி கையாளும் ‘டஸ்’ என்னும் திறந்த நெறிமுறை இவ்வகையது. இதன் தத்துவம் மிக எளிது. அனுப்பும் கணினி கோப்பைச் சிறு துண்டங்களாக அனுப்புகின்றது. இடையில் இணைப்பு அற்றுப்போயின், மீண்டும் இணைந்தவுடன், “இதுவரை எத்தனை பைற்று வந்து சேர்ந்தது?” எனச் சேவையகத்தை வினவுகின்றது. சேவையகம் ஓர் எண்ணை விடையாக அளிக்கின்றது. அவ்வெண்ணுக்கு அடுத்த பைற்றிலிருந்து அனுப்பல் தொடர்கின்றது. நூறு துண்டங்களுள் அறுபத்து மூன்றாவதில் இணைப்பு அறுமாயின், பழைய முறையில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இம்முறையில் அறுபத்து மூன்றிலிருந்து தொடங்கினாற் போதும். இணைப்பு அடிக்கடி அறும் ஊர்களில் வாழும் ஆய்வாளர்க்கு இது பேருதவியாகும்.

சுமவாது சேர்க்கும் வழி

பதிவேற்றத்தைப் பற்றி இவ்வளவு கூறியபின், பதிவேற்றமே வேண்டாத இடமும் உண்டென்பதைக் கூறுதல் கடன். வெளியிடப்பட்ட ஆய்வுகளின் வரிசைத் தரவுகள் மூன்று பெருங் களஞ்சியங்களில் வைக்கப்பட்டுள்ளன. ஒன்று அமெரிக்காவின் பெதெஸ்தாவிலும், ஒன்று இங்கிலாந்தில் கேம்பிறிட்ஜுக்கு அண்மையிலுள்ள ஹிங்ஸ்ரனிலும், ஒன்று யப்பானின் மிசிமாவிலும் உள. இம்மூன்றும் தம்முட் தரவைப் பரிமாறிக்கொள்கின்றன. இங்குள்ள கோப்பொன்றை முதலில் தன் கணினிக்கு இறக்கி, பின் அதனையே ஆய்வுத்தளத்திற்கு ஏற்றுவோர் பலர். இது கிணற்று நீரை வீட்டிற்குச் சுமந்து வந்து, மீண்டும் கிணற்றருகே உள்ள தோட்டத்திற்குச் சுமந்து செல்வதை ஒக்கும். கோப்பின் முகவரியையோ பதிவெண்ணையோ தளத்திற்குக் கொடுத்தால், சேவையகம் தானே சென்று பெற்றுக்கொள்ளும். பெருங்கணினிகளுக்கிடையேயுள்ள பாதை அகலமானதாதலின், மணிக்கணக்கில் ஆகும் வேலை நிமிடக்கணக்கில் முடிதலும் உண்டு.

வந்தது முழுமையோ?

இனி இக்கட்டுரையின் தலையாய பகுதிக்கு வருவோம். பதிவேற்றம் நின்றுபோனால் அது கண்ணுக்குத் தெரியும், மறுபடியும் முயல்வோம். ஆனால், ஒரு பகுதி மாத்திரம் சேர்ந்து, அது முழுமைபோலத் தோன்றுமாயின் அதுவே பேரிடர். கணிப்புக் கருவிகள் பல, பாதியில் முறிந்த கோப்பையும் மறுப்பின்றி ஏற்று, ஒழுங்கான அட்டவணைகளையும் அழகிய வரைபுகளையும் தந்துவிடும். முடிபைப் பார்ப்பவனுக்கு ஐயம் எழாது.

இதன் விளைவு எத்துணைக் கொடிது என்பதற்கு ஒரு வரலாறு சான்றாகும். 2020 ஆம் ஆண்டு கொவிட் பெருந்தொற்றின்போது, இங்கிலாந்தின் ஆய்வுகூடங்கள் சோதனை முடிவுகளை எளிய எழுத்துக் கோப்புகளாக அந்நாட்டுப் பொதுச்சுகாதார நிறுவனத்திற்கு அனுப்பின. அங்கே அவை எக்செலின் பழைய வடிவக் கோப்புகளில் ஏற்றப்பட்டன. அப்பழைய வடிவத்தில் ஒரு தாளில் 65,536 நிரைகளே அடங்கும். நோயாளர் ஒருவருக்குப் பல நிரைகள் வேண்டியிருந்தமையால் தாள் விரைவில் நிரம்பிற்று. எஞ்சியவை கைவிடப்பட்டன. எச்சரிக்கை ஏதும் எழவில்லை. செப்ரெம்பர் 25 முதல் ஒக்ரோபர் 2 வரை 15,841 நோயாளர் நாளாந்தக் கணக்கில் இடம்பெறாது போயினர். அவர்களோடு பழகியோரைத் தேடி எச்சரிக்கும் பணியும் அதனால் தாமதமாயிற்று. ஆய்வுகூடத்திலே பிழையில்லை, சோதனையிலே பிழையில்லை, கோப்பு ஓரிடத்திலிருந்து ஓரிடத்திற் சேர்ந்த அவ்வொரு படியிலேதான் பிழை நிகழ்ந்தது.

இவ்விடரைத் தடுக்கும் வழி ஒப்புநோக்கலே. நம் நாட்டுச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 ஆம் ஆண்டில் கலித்தொகையை அச்சிடுமுன் ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கியமை நாம் அறிந்ததே. பெயர்த்தெழுதியதை மூலத்தோடு ஒப்பிடாது ஏற்கலாகாது என்பது புலமையுலகின் பழைய விதி. கோப்புகளுக்கும் அவ்விதியே பொருந்தும். எனினும் பல கோடி எழுத்துகளைக் கண்ணால் ஒப்பிடல் இயலாதாகலின், அதற்குக் கணிதம் துணைசெய்கின்றது.

ஒரு கோப்பின் எல்லாப் பைற்றுகளையும் குறித்ததொரு முறையாற் கலந்து கணித்து, சிறியதோர் எண்ணைப் பெறலாம். இதனைக் கோப்பின் கைரேகை எனலாம். றொனால்ட் றிவெஸ்ற் என்பார் 1991 ஆம் ஆண்டில் அமைத்த ‘எம்.டி.5’ என்னும் முறை 128 பிற்று நீளமுள்ள கைரேகையைத் தரும். அது 32 குறிகளாக எழுதப்படும். கோப்பில் ஓரெழுத்து மாறினும் கைரேகை முற்றிலும் வேறாகும். அனுப்புமுன் ஒருமுறையும், சேர்ந்தபின் ஒருமுறையும் கணித்து, இரண்டும் ஒன்றாயின் கோப்பு பழுதின்றிச் சேர்ந்ததெனத் துணியலாம். வேண்டுமென்றே ஒரே கைரேகையுடைய இருவேறு கோப்புகளை ஆக்குதல் கூடுமென 2004 ஆம் ஆண்டிற் சீன அறிஞர் காட்டினராதலின், வஞ்சனையைத் தடுக்க எம்.டி.5 போதாது, அதற்கு ‘எஸ்.எச்.ஏ. 256’ போன்ற வன்மையான முறைகள் உள. வழியில் தற்செயலாக நேரும் பழுதைக் கண்டறிய எம்.டி.5 இன்றும் போதியதே.

கைரேகை கிடையாதவிடத்து வேறு சோதனைகள் உள. ‘ஜீசிப்’ முறையாற் சுருக்கிய கோப்பின் இறுதியில் மூலத்தின் நீளமும் ஒரு சரிபார்ப்பெண்ணும் எழுதப்பட்டிருக்கும். வால் முறிந்த கோப்பு இச்சோதனையில் தேறாது. பாஸ்ற்கியூக் கோப்பின் வரித்தொகை நான்கால் மீதியின்றி வகுபடல் வேண்டும். டி.என்.ஏ. துண்டத்தை இருமுனையிலும் வாசித்துப் பெற்ற இணைக்கோப்புகளாயின், இரண்டிலும் வாசிப்புகளின் தொகை ஒத்திருத்தல் வேண்டும். இவையெல்லாம் சில நிமிட வேலைகள். பல மாத உழைப்பைக் காப்பன.

பெயரும் பொருளும்

முழுமையாகச் சேர்ந்த கோப்பும் தவறாக விளங்கிக்கொள்ளப்படுதல் உண்டு. தளத்திற்கு அக்கோப்பின் வகை யாது, அது எப்பதிப்போடு தொடர்புடையது என்பன சரியாக அறிவிக்கப்படல் வேண்டும்.

தரக்குறிகளை எழுதும் முறைகள் இரண்டு வழங்கின. ஒன்று மதிப்போடு 33 ஐக் கூட்டி அதற்குரிய குறியை எழுதும். இலுமினா நிறுவனத்தின் பழைய கருவிகள் சில 64 ஐக் கூட்டி எழுதின. பின்னதை முன்னதெனக் கொண்டால் ஒவ்வொரு மதிப்பும் 31 ஆல் மிகும். 20 என்னும் மதிப்பு நூற்றில் ஒரு பிழைக்கு இடமுண்டு என்பதைக் காட்டுவது. அது 51 ஆகத் தோன்றின், இலட்சத்தில் ஒரு பிழைக்கும் இடமில்லை எனப் பொருள்படும். நம்பத்தகாத எழுத்துகள் நன்மதிப்புப் பெற்று முடிபினுட் புகுந்துவிடும். அவ்வாறே, மனிதப் பரம்பரையலகுத் தொகுதியின் 2009 ஆம் ஆண்டுப் பதிப்புக்கும் 2013 ஆம் ஆண்டுப் பதிப்புக்கும் இடையே நிறமூர்த்தங்களின் இடவெண்கள் வேறுபடும். ஒரு பதிப்பின் இடவெண்ணை மற்றைப் பதிப்பிலே தேடுவோன், வேறொரு பரம்பரையலகின்மேற் பழி சுமத்தக்கூடும்.

கோப்பு புறப்படுமுன்னே அதன் பொருள் திரிதலும் உண்டு. பரம்பரையலகுகள் சிலவற்றின் குறியீடுகள் ‘மார்ச் 1’, ‘செப்ற் 1’ என ஆங்கில மாதப் பெயர்களை ஒத்திருந்தன. பட்டியலை எக்செலில் திறந்து சேமித்தபோது அவை திகதிகளாக மாறின. 2016 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, எக்செற் பட்டியல்களை இணைத்த கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இத்தகைய பிழை உண்டெனக் கண்டது. ஈற்றில் 2020 ஆம் ஆண்டில், பெயரிடுங் குழுவினர் பரம்பரையலகுகளின் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. ஆதலால், மூலக்கோப்பை எதனாலும் திறந்து சேமியாது, உள்ளவாறே அனுப்புதல் நன்று.

அனுப்பத் தக்கதோ?

இவ்வளவும் எவ்வாறு அனுப்புவது என்பது பற்றியன. அனுப்பலாமோ என்னும் வினா இவற்றினும் முந்தியது. மனிதரது டி.என்.ஏ. வரிசை, பெயரை நீக்கிய பின்னும் அவரைக் காட்டிக்கொடுக்க வல்லது. பெயர் நீக்கி வெளியிடப்பட்ட வரிசைகளிலிருந்து, தந்தை வழி மரபையும் பொதுவில் உள்ள வம்சாவளிப் பதிவுகளையும் கொண்டு சிலரது குடும்பப் பெயரைக் கண்டறியலாமென 2013 ஆம் ஆண்டில் ஆய்வாளர் காட்டினர். ஒருவரது வரிசை அவருடையது மாத்திரமன்று. பெற்றோர்க்கும் பிள்ளைகட்கும் உரியது. இலங்கையிலும் தனியாள் தரவுகளைப் பாதுகாத்தற்கு 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. எனவே, நோயாளரது தரவைப் பிறநாட்டுப் பொதுச் சேவையகத்திற் சேர்க்குமுன், அவர் அளித்த இசைவு அதனை உள்ளடக்குமா என்பதையும், ஒழுக்கநெறிக் குழு அதற்கு உடன்பட்டதா என்பதையும் அறிதல் கடமை. உடன்பாடில்லையாயின், கலக்சி போன்ற திறந்த மூல நிரல்களைத் தம் பல்கலைக்கழகத்தின் சொந்தக் கணினியிலேயே நிறுவி ஆராயும் வழி உண்டு. அங்கே தரவு வெளியே செல்வதில்லை. கருவியே தரவிடம் வருகின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஒழுங்கு தெளிவாகும். இசைவு உண்டோ என ஆராய்க. களஞ்சியத்தில் உள்ளதாயின் முகவரியை மாத்திரம் கொடுக்க. அனுப்ப வேண்டியதாயின் பருமனையும் வேகத்தையும் கணிக்க. கைரேகையை எடுத்து வைத்தபின் தொடரத்தக்க முறையால் அனுப்புக. சேர்ந்தபின் கைரேகையை ஒப்பிட்டு, வகையையும் பதிப்பையும் சரியாகக் குறிக்க. தளம் கோப்பை ஏற்றுக்கொண்டது என்பதனால் மூலத்தை அழித்துவிடலாகாது. பொதுச் சேவையகம் ஆய்வு நடத்தும் கூடமேயன்றி நிலையான களஞ்சியமன்று.

கோப்பைச் சேர்த்தல் எழுத்தர் வேலை, கணித்தலே அறிவாளர் வேலை எனக் கருதுவோர் உளர். அக்கருத்துப் பொருந்தாது. 15,841 பேரைக் கணக்கிலிருந்து மறைத்தது தவறான கோட்பாடன்று. சரிபாராத ஓர் இறக்குமதியே. தான் ஆராயும் தரவு தான் பெற்ற தரவே என்று ஆய்வாளன் காட்டவியலாதாயின், அவன் கூறும் முடிபை ஏற்குமாறு பிறரைக் கேட்கும் உரிமை அவனுக்கு இல்லை. நாளை ஆய்வுகூடங்களிற் புகவிருக்கும் நம் மாணவர், கருவிகளைக் கையாளப் பயிலும்போதே ஒப்புநோக்கும் பழக்கத்தையும் பயில்வாராக.